அரங்கில் காத்த மரபு: நடன மேதை பாலசரஸ்வதி

மஹய்யாவ ஊடாகக் கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பாதையில் நித்தவெலப் பக்கம் திரும்பினால் இன்றைய இளைஞர்களுக்கு நினைவில் வருவது றக்பி மைதானமே. ஆனால் கண்டிய நடனத்தை அறிந்தவர்களுக்கு நித்தவெல என்பது ஒரு கலைஞரின் பெயரோடு ஒட்டிய ஊர். நித்தவெல குணயாவும் அவரைப் போன்ற பரம்பரைக் கலைஞர்களும் கொஹொம்ப கங்காரிய என்னும் சடங்குக்காக இரவு முழுவதும் ஆடிய ஆட்டமே, இருபதாம் நூற்றாண்டில் ஊர்வலத்துக்கும் பின்னர் மேடைக்கும் வந்தது. கண்டி வாவிக்கரையை அண்டிய மண்டபங்களில் வெளிநாட்டவர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்ப்பதும் அதனையே. அந்த ஆட்டம் இன்று ஒரு தேசத்தின் அடையாளம். அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பறையொலிக் குலத்தினரோ, நெடுங்காலம் மேல்சாதியினரின் வீட்டு முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர்கள்.

கலையைப் போற்றிக் கலைஞரைத் தாழ்த்தும் இந்த வழக்கம் கண்டிக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மையாக, அதுவும் பெண்கள் மீது விழுந்தது. அதனை நேருக்கு நேர் நின்று எதிர்கொண்ட ஒருவராக நாம் காண்பது தஞ்சாவூர் பாலசரஸ்வதியை. பரதநாட்டியம் என்றவுடன் அவரது பெயர் இன்றும் சொல்லப்படுகின்றது. அவர் எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பது மட்டும் பல மேடைகளில் மெல்லத் தாண்டிச் செல்லப்படுகின்றது. பாலசரஸ்வதி அதனை ஒருபோதும் தாண்டிச் சென்றவரல்லர்.

அவர் 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி சென்னையில் பிறந்தார். தாய் ஜெயம்மாள் பாடகி. தாயின் தாய் வீணை தனம்மாள். தனம்மாளின் பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் ஆடியவர். அதற்கும் முன்னே, பதினெட்டாம் நூற்றாண்டில், அதே அரசவையில் இசையும் நடனமும் வல்லவராக விளங்கிய பாப்பம்மாள் வரை இந்தத் தாய்வழி செல்கின்றது. தந்தைவழியில் சொத்தும் பெயரும் இறங்குகின்ற சமூகத்தின் நடுவே, இந்த இல்லங்களில் பாடலும் அபிநயமும் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கின. சொத்து என்று இருந்ததும் பெரும்பாலும் அதுவே.

நமது கண்டியின் நாயக்க மன்னர்கள் 1815இல் ஆட்சியை இழந்தனர். தஞ்சை அரசு 1855இல் ஆங்கிலேயர் கைக்கு முற்றாகச் சென்றது. ஓர் அரசவை கலைந்தால் முதலில் வாழ்விழப்பவர்கள் அதன் பாடகரும் ஆடுவோரும்தான். தஞ்சைக் கலைக் குடும்பங்கள் பலவும் சென்னையை நாடின. ஜோர்ஜ் டவுனில் ஒரு சிறு வீட்டில் தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். பேரோசை கிடையாது, ஆரவாரம் கிடையாது. மீட்டுகோல் இன்றி விரலால் மட்டும் மீட்டுவார். நகரத்தின் பெரிய வித்துவான்கள் அங்கு ஓசையின்றி வந்து அமர்ந்து கேட்டனர். வடநாட்டு இசையின் பெரும் உஸ்தாத் அப்துல் கரீம் கானும் அவரது வாசிப்பில் மனம் தோய்ந்தவர். மொழியோ மதமோ அந்தத் திண்ணையில் ஒரு தடையாக இருக்கவில்லை. பாலசரஸ்வதி வளர்ந்தது அந்தச் சூழலில்.

அவ்வீட்டில் பிறந்த பெண் ஆடக் கற்பது இயல்பு என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. 1892 முதற்கொண்டே ஆடல் நிகழ்ச்சிகளுக்கு எதிரான இயக்கம் சென்னை மாகாணத்தில் வலுப்பெற்று வந்தது. ஆடும் பெண் என்றாலே விலைமகள் என்று அச்சில் எழுதப்பட்ட காலம் அது. தனம்மாளின் இல்லத்திலேயே இசைக்கு இருந்த மதிப்பு நடனத்துக்கு இல்லை. பெண்கள் பாடினால் போதும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. ஆனால் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த கௌரி அம்மாளின் ஆட்டத்தைக் கண்ட குழந்தை, தானும் ஆட வேண்டும் என்று பிடிவாதம் கொண்டது. ஜெயம்மாள் உறவினரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் மகளைக் கந்தப்பா பிள்ளையிடம் ஒப்படைத்தார்.

கந்தப்பா பிள்ளை, பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்த தஞ்சை நால்வரின் வழிவந்தவர். மிகக் கண்டிப்பானவர். நாளொன்றுக்குப் பல மணி நேரம், ஒரே அடவைப் பல நூறு முறை செய்யவைப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கண்டிப்பு இன்றைய கண்ணுக்குக் கொடுமையாகவும் தோன்றலாம். மாணவி பின்னாளில் அவரைக் குறைகூறியதில்லை; தனக்குத் தெரிந்தது அனைத்தும் அவர் தந்தது என்றே சொல்லிவந்தார். 1925இல், ஏழாவது வயதில், காஞ்சிபுரம் அம்மனாட்சி அம்மன் கோயிலில் பாலசரஸ்வதியின் அரங்கேற்றம் நடந்தது. கோயிலில் அரங்கேறும் வழக்கத்தின் இறுதிக் காலங்களில் அது ஒன்று.

ஏனெனில் சட்டம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க 1920களின் பிற்பகுதியிலிருந்து போராடினார். அவரது தாயும் அதே சமூகத்திலிருந்து வந்தவர். அச்சமூகத்தில் பிறந்து அவ்வழக்கின் கசப்பை நேரில் அனுபவித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராகச் சென்று அதே கோரிக்கையை முன்வைத்தார். விவரம் அறியாத வயதில் ஒரு சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவு செய்வதை எந்த நியாயத்தின் பேரிலும் நாம் ஆதரிக்க முடியாது. அந்தப் போராட்டம் நியாயமானது. 1947இல் நிறைவேறிய சட்டமும் தேவையானதே.

ஆயினும் அச்சட்டத்தின் நிழல் அது குறிவைத்த இடத்தோடு நிற்கவில்லை. பொட்டுக்கட்டுவதைத் தடுத்ததோடு, அப்பெண்கள் கோயிலிலும் ஊர்வலத்திலும் ஆடுவதும் குற்றமாயிற்று. திருமண வீடுகளில் அவர்களை அழைப்பது முன்னரே நின்றுபோயிருந்தது. ஆண் நட்டுவனார்களும் நாகஸ்வரக் கலைஞர்களும் தத்தம் தொழிலைத் தொடர, பெண்கள் மட்டும் கலையையும் பிழைப்பையும் ஒருசேர இழந்தனர். அதே வேளையில், சதிர் என்று இழித்துரைக்கப்பட்ட அந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு உயர்குடிப் பெண்களின் கல்வியாக மாறத் தொடங்கியது. 1935இல் அடையாற்றில் மேடையேறிய ருக்மிணி தேவி, அடுத்த ஆண்டில் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் வழியாக அக்கலைக்கு மதிப்பையும் ஒழுங்கையும் பெற்றுத் தந்தார். அவரது பணி பெரியது. ஆனால் பழைய கலையில் இருந்த சிருங்காரம் தூய்மையற்றது, அதனைக் குறைத்துப் பக்தியை மேலோங்கச் செய்ய வேண்டும் என்ற கருத்தும் அதனோடு வந்தது.

பாலசரஸ்வதி இங்கேதான் மாறுபட்டு நின்றார். சிருங்காரமே அந்தக் கலையின் உயிர்நாடி, காதலின் மொழியிலேயே பக்தி பேசுகின்றது, அதில் தூய்மை செய்வதற்கு எதுவுமில்லை என்பது அவரது உறுதியான நிலைப்பாடு. இது வெறும் அழகியல் விவாதமன்று என்றே நாம் கருதுகின்றோம். கலை அழுக்கானது என்றால் அதனைக் காத்த தாயும் பாட்டியும் அழுக்கானவர்கள் என்றாகிவிடும். அதனை ஏற்க அவர் மறுத்தார். பாரசீக, உருதுக் கவிதைகளில் காதலன் காதலி என்ற உருவகத்தின் வழியே இறைவனைத் தேடிய சூபி மரபை அறிந்த நம் வாசகர்களுக்கு, அவர் சொல்ல வந்தது விளங்குவதில் சிரமம் இராது.

ஆனால் வாதம் புரிவதற்கு அவர் சொற்பொழிவை நம்பவில்லை, மேடையை நம்பினார். கோயில் வாசல் மூடப்பட்டுவிட்டது. அரசவை இல்லை. மிராசுதார் வீட்டுத் திருமணம் இல்லை. எஞ்சியது, நுழைவுச்சீட்டு வாங்கி யார் வேண்டுமானாலும் வந்து அமரக்கூடிய பொது அரங்கு ஒன்றே. 1928இல் தொடங்கப்பட்ட சென்னை மியூசிக் அகாதமி, வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரின் முயற்சியால் 1931இல் பரம்பரைக் கலைஞர்களின் நடனத்துக்கு இடமளித்தது. 1933இல் பாலசரஸ்வதி அங்கு ஆடினார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. அடுத்த ஆண்டில் கல்கத்தாவில் நடந்த இசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்டார். வடநாட்டார் தென்னகத்தின் இந்த நடனத்தை மேடையில் கண்ட முதல் சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று.

இவ்விடத்தில் யப்பானை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1869இல் பேரரசர் தலைநகரைவிட்டு டோக்கியோ சென்றபின் கியோட்டோ நகரம் வாடியது. நகரை மீட்க நடத்தப்பட்ட கண்காட்சியை ஒட்டி 1872இல், கியோன் பகுதியின் கெய்ஷா பெண்கள் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் கூட்டாக ஆடினர். அதுவரை தேநீர் மனைகளின் மூடிய அறைகளில் சிலர் மட்டுமே கண்ட கலை அது. ஆட்டத்தை அமைத்துக் கொடுத்தவர் மூன்றாம் இனோவுயே யச்சியோ என்ற பெண் ஆசான். அதே ஆண்டில்தான் கடனுக்கு அடகுவைக்கப்பட்ட பெண்களை விடுவிக்கும் ஆணையையும் யப்பானிய அரசு பிறப்பித்தது. மியாகோ ஒடோரி எனப்படும் அந்த வசந்தகால நடனம், போர் போன்ற இடைவெளிகள் தவிர, இன்றுவரை ஏப்ரல் மாதந்தோறும் நிகழ்கின்றது. ஷமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டுபவர்களும் பாடுபவர்களும் ஆடுபவர்களும் அதே பெண்கள்தாம்.

யப்பானைப் பொன்னுலகம் என்று காட்டுவது நமது நோக்கமன்று. வறுமையால் விற்கப்பட்ட சிறுமிகளின் கண்ணீர் அந்த வரலாற்றிலும் உண்டு. ஆயினும் அங்கு ஒரு நகரமே தனது கலைப் பெண்களை மேடைக்கு அழைத்தது. தொழிலைச் சீர்திருத்தியபோது கலையை அவர்களின் கையிலேயே விட்டது. சென்னையில் அப்படி நடக்கவில்லை. மூன்றாம் யச்சியோ நூறு ஆண்டு வாழ்ந்து 1938இல் மறைந்தார். வீணை தனம்மாள் மறைந்ததும் அதே ஆண்டிலேயே. முன்னவர் விட்டுச்சென்ற பள்ளி அதே பெயரோடு தொடர்கின்றது. பின்னவர் விட்டுச்சென்றது ஒரு வீட்டையும், அதில் சில பெண்களையும் மட்டுமே.

அந்தப் பெண்களுக்கு அடுத்த பத்தாண்டு கடினமாக அமைந்தது. 1938இல் கந்தப்பா பிள்ளை உதய சங்கரின் கலைநிலையத்துக்காக அல்மோராவுக்குச் சென்றார், 1941இல் காலமானார். குருவை இழந்த பாலசரஸ்வதிக்கு அழைப்புகளும் குறைந்தன. உடல்நலம் கெட்டது, இருதய நோயால் இனி ஆடக்கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தனர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியாரோடு அவருக்கிருந்த வாழ்க்கைத் துணை, தாலி கட்டிய திருமணம் அன்று. 1943இல் மகள் லட்சுமி பிறந்தார். அதனை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கோரவுமில்லை.

அவரது இளமைக்காலத் தோழி எம்.எஸ். சுப்புலட்சுமியும் அவ்வாறான இசைக் குடும்பத்தில் பிறந்தவர். திருமணத்தின் பின் நாடே வணங்கும் குலமகளின் உருவம் அவருக்கு அமைந்தது. பிறப்பின் கதை பின்னால் சென்றது. வடக்கே பைசாபாத்தில் பிறந்த அக்தரி பாய், 1945இல் லக்னோ வழக்கறிஞர் ஒருவரை மணந்து பேகம் அக்தர் ஆனார். மதிப்புக்குரிய குடும்பத்தின் மருமகள் பாடக்கூடாது என்று சில ஆண்டுகள் பாடாதிருந்தார். நோயுற்றார். 1949இல் லக்னோ வானொலி நிலையத்தில் மீண்டும் பாடிய பின்னரே உயிர் வந்தது போல் ஆனார். மூவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். மூவர் முன்னும் ஒரே கேள்வி இருந்தது: கலையைக் காக்க எதனைக் கொடுப்பது? மற்ற இருவரையும் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. பாலசரஸ்வதி கொடுத்த விலை வேறு என்பதையே குறிப்பிடுகின்றோம்.

திருத்தணி முருகன் சந்நிதியில் ஒருமுறையேனும் ஆட வேண்டும் என்ற ஆசை அவருக்கு நெடுநாள் இருந்தது. சட்டம் அதற்கு இடம்தரவில்லை. பார்ப்பவர் எவரும் இல்லாத வேளையில் சென்று ஆடிவந்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தன் முன்னோர் ஆடிய இடத்தில் ஒளிந்து ஆட வேண்டியிருந்த அந்தக் காட்சி, அவரது விருதுகளையெல்லாம்விட நம் மனத்தில் ஆழமாகப் பதிகின்றது.

மீட்சி வந்தது அறிஞர் வே. ராகவனின் துணையோடு. 1953இல் மியூசிக் அகாதமி அவருக்கென ஒரு நடனப் பள்ளியைத் தொடங்கியது. குரு கந்தப்பாவின் மகன் கணேசன் அங்கு நட்டுவாங்கத்துக்கு வந்தார். மாணவியரின் தொகை என்றும் சிறிதே. இரண்டு மூன்று ஆண்டில் அரங்கேற்றம் வேண்டும் என்று வந்த பெற்றோருக்கு அவரிடம் இடமிருக்கவில்லை. பாடத் தெரியாதவர் ஆட முடியாது என்பது அவரது முதல் விதி. பதம் ஒன்றை ஆடும்போது தானே பாடிக்கொண்டு ஆடுவது அவரது வழக்கம். க்ஷேத்ரக்ஞரின் பதங்களும் ஜாவளிகளும் தனம்மாள் வீட்டுக்கே உரிய நடையில் தாயின் குரலில் எழ, மகள் அதே வரியை ஒவ்வொரு முறையும் புதிய பொருளோடு அபிநயிப்பார். முன்கூட்டியே அமைத்துவைத்த அசைவுகள் அல்ல அவை. இசை எங்கு செல்கின்றதோ அங்கு கையும் கண்ணும் சென்றன. உடல் பருத்து, வயதும் ஏறியிருந்த அவர், யசோதையாக மாறிக் கண்ணனை அழைக்கும்போது மேடையில் ஓர் இளந்தாயை மட்டுமே கண்டதாகப் பார்த்தவர் பலரும் எழுதியுள்ளனர்.

1955இல் சங்கீத நாடக அகாதமி விருது, 1957இல் பத்மபூஷண் என இந்திய அரசின் மதிப்பு வந்தது. 1961இல் டோக்கியோவில் நடந்த கிழக்கு மேற்கு இசைச் சந்திப்புக்கு அவர் சென்றார். மரபுக் கலையைப் பொதுமேடையில் காத்துவந்த பெண்களின் நாட்டில் இந்தத் தமிழ்ப் பெண் ஆடியதும், அங்கிருந்து உலகின் கதவு அவருக்குத் திறந்ததும் பொருத்தமாகவே அமைந்தது. 1962இல் அமெரிக்கா, 1963இல் எடின்பரோ விழா. வெஸ்லியன் உட்பட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவரைக் கற்பிக்க அழைத்தன. தம்பியர் இருவரும், மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விசுவநாதனும், வெஸ்லியனிலேயே ஆசிரியர்களாயினர். தமிழ்நாட்டில் மாணவர் தேடிய கலைக்கு அமெரிக்காவில் மாணவர் வரிசையில் நின்றனர். இதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்பது நமக்கு இன்னும் தெளிவாகவில்லை.

1973இல் மியூசிக் அகாதமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. இசைக் கலைஞர்களுக்கே உரிய அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவர். ஆட்டமும் பாட்டும் ஒன்றே என்று வாழ்நாள் முழுதும் அவர் கொண்டிருந்த கொள்கைக்குச் சான்றாக அமைந்தது அது. 1975இல் தமிழிசைச் சங்கத்தின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது, ஒரு பரதநாட்டியக் கச்சேரியைப் பெருங்கோயில் ஒன்றுக்கு ஒப்பிட்டு விளக்கினார். அலாரிப்பு கோபுரம், ஜதீஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணம் உட்பிராகாரம், பதங்கள் அமைதி குடிகொண்ட கருவறை, தில்லானா நிறைவில் ஏற்றும் கற்பூரம். சட்டம் கோயிலைவிட்டு வெளியேற்றிய குலத்தின் மகள், மேடையிலேயே ஒரு கோயிலை எழுப்பிக் காட்டினார் எனின் மிகையாகாது. 1977இல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. 1984 பெப்ரவரி 9ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார்.

மகள் லட்சுமி தாயின் வழியில் ஆடிக் கற்பித்து 2001இல் மறைந்தார். தம்பி விசுவநாதன் 2002இல். பேரன் அனிருத்த நைட் அந்த மரபை ஆடிவருகின்றார். பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள் இன்று கண்டியிலும் உண்டு, கனடாவிலும் உண்டு. அவர்களுள் தனம்மாள் வீட்டுப் பதத்தைக் கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால் கை விரல்களுக்கு வேலை அதிகமிராது.

நித்தவெலக்கு நாம் திரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 1934இல் வெளிவந்த பெசில் ரைட்டின் ‘சோங் ஒஃப் சிலோன்’ படம் கண்டிய நடனக் கலைஞர்களின் ஆட்டத்தைப் படச்சுருளில் பதிந்து வைத்தது. எனவே அந்த ஆட்டம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்தது என்பதை நமது பிள்ளைகள் இன்றும் கண்ணால் காணலாம். அதே ஆண்டில் கல்கத்தாவுக்குச் சென்ற பதினாறு வயது பாலசரஸ்வதியின் முன் எந்தப் படக்கருவியும் நிற்கவில்லை. அந்நகரில் அவரது ஆட்டத்தை ஒரு பதினான்கு வயதுச் சிறுவன் பார்த்தான். அவனே பின்னாளில் சத்யஜித் ராய் ஆனான். ராய் அவரைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப் படத்தை எடுத்தது 1976இல். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இளமைக்கால ஆட்டத்தைப் படமெடுக்கும் வாய்ப்பு கைநழுவிவிட்டதே என்ற வருத்தம் ராய்க்கு இருந்தது.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. மாமல்லபுரக் கடற்கரையில் மணல்மீது நின்று அவர் கண்ணனை அழைக்கும் பாடலுக்கு அபிநயிக்கின்றார். பலமான காற்று வீசுகின்றது. சேலைத் தலைப்பு பறக்கின்றது. அவர் அதனைக் கையால் பற்றியபடி, ஆட்டத்தை நிறுத்தாமல், குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றார்.